அடித்தல் திருத்தல்களைச் சேமித்து வைத்த கருவி: எதர்பேட், ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டுரை நோட்டைத் திறக்கும் முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு விதியைச் சொல்லிவிடுகிறோம்: அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. ரஃப் நோட்டில் எழுதிப் பார், அப்புறம் ஃபேர் காப்பி எடு. வருடக் கடைசியில் ரஃப் நோட்டு எடைக்குப் போய்விடும். ஆசிரியர் கைக்கு வருவது குளித்துத் தலைவாரிப் பவுடர் போட்டு நிற்கிற கட்டுரை மட்டும்தான். அதில் நான் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையில் சுழிக்கலாம், 'கருத்துத் தொடர்ச்சி இல்லை' என்று ஓரத்தில் எழுதலாம். ஆனால் அந்த மாணவி எந்த வாக்கியத்தில் கால் மணி நேரம் திணறினாள், எந்த நல்ல வரியை வேண்டாம் என்று தானே அடித்தாள் என்பது எனக்குத் தெரியாது. எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடமே அதுதான்.

அந்த இடத்தைக் கண்ணுக்குக் காட்டிய ஒரு மென்பொருளைப் பற்றியது இந்த ஆய்வு. பெயர் எதர்பேட், பல பேர் ஒரே தாளில் சேர்ந்து எழுதும் இணையக் கருவி. 2008 நவம்பரில் வெளியானது. ஒரு வருடம் கழித்து அதை உருவாக்கிய நிறுவனம் விற்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆறு மாதத்தில் சேவை மூடப்பட்டது. அப்படியும் இன்று பல நாட்டு வகுப்பறைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் எழுதக் கற்றுக்கொடுக்க எந்தக் கருவியை நம்பலாம் என்று என்னைக் கேட்கும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

முன்கதை

எழுதி முடித்ததைத் திருத்துவதைவிட, எழுதும் வேலையைக் கவனிப்பதுதான் முக்கியம் என்ற எண்ணம் கணினியோடு வந்தது அல்ல. அமெரிக்காவில் ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை உட்கார வைத்து, எழுதும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அதைப் பதிவு செய்து ஆராய்ந்து 1971 இல் வெளியிட்டார். பள்ளிக்காக எழுதும்போது பிள்ளைகள் ஒரு மாதிரியும், தங்களுக்காக எழுதும்போது வேறு மாதிரியும் எழுதுகிறார்கள் என்று அதில் தெரியவந்தது. தமக்காக எழுதும்போது நின்று யோசிக்கிறார்கள், திரும்பி வந்து மாற்றுகிறார்கள். பள்ளிக் கட்டுரையில் அது குறைவு. அடுத்த வருடம் டொனால்ட் மர்ரே இதையே வகுப்பறைக்கான வழியாகச் சொன்னார். செய்தித்தாளில் தலையங்கம் எழுதி 1954 இல் புலிட்சர் பரிசு வாங்கியவர், பிறகு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். முடிந்த பண்டத்தைக் கற்பிக்காதீர்கள், செய்கிற வேலையைக் கற்பியுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

சரி, செய்கிற வேலையை எப்படிப் பார்ப்பது? எமிக் பார்த்தது எட்டுப் பேரை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று கேட்க முடியாது. எண்ணம் சரியாக இருந்தது, கையில் கருவி இல்லை. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் அப்படியே போயின.

லிங்க் ஒன்று போதும்

ஆப்ஜெட் என்ற சிறு நிறுவனத்தை ஏரன் ஐபா, ஜே.டி. சம்ஃபிரெஸ்கு, டேவிட் கிரீன்ஸ்பான் ஆகியோர் நடத்தினார்கள். பிரவுசரிலேயே நிரல் எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் தளம் ஒன்றைத்தான் முதலில் கட்டினார்கள். அந்த வேலையிலிருந்து கிளைத்ததுதான் எதர்பேட்.

பட்டனை அழுத்தினால் ஒரு வெள்ளைத் தாள் திறக்கும், அதற்குப் பேட் என்று பெயர். அதன் லிங்க்கை யாருக்கு அனுப்பினாலும் அவர்களும் அதே தாளில் எழுதலாம். கணக்கு தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒவ்வொருவர் எழுதுவதும் ஒவ்வொரு நிறப் பின்னணியில் தெரியும். பக்கத்தில் பேசிக்கொள்ள ஒரு அரட்டைப் பெட்டி. படம் வைக்கவோ அட்டவணை போடவோ வழியில்லை, எழுத்து மட்டும்தான். அந்த எளிமையை நான் குறையாகப் பார்க்கவில்லை. எழுத்துரு தேடுவதிலும் தலைப்புக்கு நிழல் போடுவதிலும் பாதி பீரியட் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

அந்தக் காலத்துக் கூகுள் டாக்ஸிலும் பல பேர் சேர்ந்து எழுதலாம்தான். ஆனால் நான் தட்டியது உங்கள் திரைக்கு வரப் பல நொடிகள் ஆகும். எதர்பேடில் தட்டத் தட்டத் தெரிந்தது. பிரவுசரில் அந்த வேகம் அப்போது புதிது.

அது எப்படி நடக்கிறது என்பதைத் தமிழிலேயே ஒரு உதாரணம் வைத்துச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். தாளில் 'மழை வந்தது' என்று இருக்கிறது. நம் கணக்கில் இடைவெளியோடு 7 எழுத்து. கணினிக்கு அது 10. ஏனென்றால் 'ழை' என்பது அதற்கு ழகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு, 'ந்' என்பது நகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு, 'து' அதேபோல் இரண்டு. இப்போது கலா முன்னால் 'நேற்று' என்று சேர்க்கிறாள். அதே கணத்தில் குமார் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறான். குமாரின் கணினி அனுப்பும் செய்தி: '10 ஆவது இடத்துக்குப் பின் ஒரு புள்ளி சேர்'. ஆனால் கலா சேர்த்த சொல்லும் இடைவெளியும் கணினிக் கணக்கில் 7. அந்தச் செய்தியை அப்படியே நிறைவேற்றினால் புள்ளி 'மழை' என்ற சொல்லை அடுத்துப் போய் விழும். ஆகவே சர்வர் குமாரின் செய்தியை '17 ஆவது இடத்துக்குப் பின்' என்று திருத்திக்கொள்கிறது. யாருடைய எழுத்தும் தொலையாது, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். எதர்பேடில் இந்த முறைக்கு ஈஸிசிங்க் என்று பெயர். இதன் அடிப்படைக் கருத்து 1980களின் கடைசியிலேயே கணினி ஆய்வாளர்களிடம் இருந்தது.

இதில் ஆசிரியருக்கு முக்கியமான விஷயம் வேறு. சர்வர் வைத்திருப்பது கட்டுரையை மட்டும் அல்ல. 'இங்கே இதைச் சேர், அங்கே அதை அழி' என்ற செய்திகள் ஒவ்வொன்றையும், யார் எப்போது அனுப்பினார்கள் என்பதோடு, வரிசையாக வைத்திருக்கிறது. கட்டுரை என்பது அந்தச் செய்திகளை எல்லாம் அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் கிடைக்கும் கடைசி நிலை. அப்படியானால் நடுவில் எந்த நிலையையும் திரும்பப் பார்க்கலாம் அல்லவா? அதற்குத்தான் டைம் ஸ்லைடர் வந்தது. வீடியோவைப் போல ஓட்டும் பட்டன் ஒன்று, இழுத்துப் போகக் கோடு ஒன்று. ஓட்டினால் வெற்றுத் தாளிலிருந்து கட்டுரை முளைத்து வரும். வாக்கியம் தோன்றும், நிற்கும், பாதி அழியும், வேறு வழியில் போகும். ரஃப் நோட்டு இங்கே எடைக்குப் போகவில்லை.

ஆப்ஜெட்டில் முதலீடு செய்திருந்த ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், 2009 தொடக்கத்தில் ஒரு சிறு கட்டுரையை எதர்பேடிலேயே எழுதி, அது உருவான விதத்தை யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்து வைத்தார். கைதேர்ந்தவர்களும் தயங்குகிறார்கள், எழுதியதை அழிக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் நூறு முறை சொல்லலாம். ஒரு முறை ஓட்டிக் காட்டினால் போதும், அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்காது.

2009 டிசம்பர்

2009 டிசம்பர் 4 அன்று ஆப்ஜெட்டைக் கூகுள் வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. எதர்பேடை உருவாக்கியவர்கள் கூகுள் வேவ் என்ற புதிய திட்டத்துக்குப் போகிறார்கள். புதிய பேட் இனித் திறக்க முடியாது. இருக்கும் பேடுகளும் 2010 மார்ச் 31 வரைதான்.

பயன்படுத்தியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதில் நியாயம் இருந்தது. பள்ளி நடந்துகொண்டிருக்கும்போது, கரும்பலகையை இன்றே கழற்றிக்கொண்டு போகிறோம் என்று வந்து நின்றால் எப்படி இருக்கும்? மறுநாளே முடிவு மாறியது. புதிய பேடுகள் மறுபடி திறக்கலாம், அதோடு மென்பொருளின் மூல நிரலையும் வெளியிடுகிறோம் என்றார்கள். சொன்னபடி டிசம்பர் 17 அன்று நிரல் முழுவதும் அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியானது. அந்த உரிமத்தின்படி யாரும் அதை எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மூலச் சேவை 2010 மே மாதம் மூடப்பட்டது.

அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதர்பேடை விட்டுவிட்டு எந்தத் திட்டத்துக்குப் போனார்களோ, அந்தக் கூகுள் வேவ் வளர்ச்சியை நிறுத்துவதாக 2010 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2012 இல் அது முழுவதும் மூடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் பெரிய திட்டம் போய்விட்டது, சிறு நிறுவனத்தின் சிறு பேட் நிலைத்தது. நிரல் அப்போதே வெளியே வந்துவிட்டதுதான் இரண்டுக்கும் நடுவில் இருந்த பெரிய வித்தியாசம் என்பது என் முடிவு. டிசம்பர் 4 அன்று மக்கள் பேசாமல் இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதே மாதிரி இன்னொன்றும் நடந்தது. எதர்பேட் நிரலை அடிப்படையாக வைத்து ஹேக்பேட் என்ற சேவை வந்தது. 2014 இல் இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் நிறுவனம் அதை வாங்கியது, 2017 இல் மூடியது.

நிரல் வெளியே வந்த பிறகு

முதல் எதர்பேடை நிறுவுவது லேசான வேலையாக இல்லை. ஜாவா, ஸ்காலா என்ற நிரல் மொழிகளின் ஏகப்பட்ட சுமை, நினைவகத்தையும் தின்றது. 2011 இல் பீட்டர் மார்டிஷ்கா அதை நோடு ஜேஎஸ் என்ற இலேசான நிரல் தளத்தில் புதிதாக எழுதி எதர்பேட் லைட் என்று வெளியிட்டார். ஈஸிசிங்க் முறையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை இலேசாக்கினார். அதற்குப் பிறகுதான் பள்ளிகளும் சிறு அமைப்புகளும் சொந்தமாக நிறுவ முடிந்தது. இன்று எதர்பேட் என்றாலே அந்த லைட்தான்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் கூட்டக் குறிப்புகளுக்கு ஒரு எதர்பேட் வைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் கார்பென்ட்ரீஸ் அமைப்பு, தன் பயிலரங்குகளில் ஒரே பேடில் எல்லோரும் சேர்ந்து குறிப்பெடுக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறது. ஆசிரியர் பேசும்போதே மாணவர்கள் எழுதுவார்கள், ஒருவர் விட்டதை இன்னொருவர் நிரப்புவார், சந்தேகத்தை அங்கேயே எழுதுவார்கள். கூச்சத்தால் கை தூக்காதவர்களும் பேடில் கேட்டுவிடுவார்கள்.

நான் அதிகம் யோசித்தது பிரான்ஸில் நடந்ததைப் பற்றி. அங்கே ஃப்ராமாசாஃப்ட் என்ற லாப நோக்கில்லாத சங்கம் ஃப்ராமாபேட் என்ற பெயரில் எதர்பேடைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் தருகிறது. நன்கொடையில் நடப்பது, விரல்விட்டு எண்ணும் அளவு ஊழியர்கள். பேட் திறக்கும்போதே, யாரும் தொடாமல் எத்தனை நாள் கிடந்தால் அழிக்கலாம் என்று கேட்டுவிடுவார்கள். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 'என்றென்றைக்கும் இலவசம்' என்று சொல்லிவிட்டுக் கதவடைப்பதைவிட, இத்தனை நாள்தான் என்று முதலிலேயே சொல்வது எவ்வளவோ மேல்.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து பள்ளிகள் மூடியதும் ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாக ஃப்ராமாபேடுக்கு வந்தார்கள். சர்வர்கள் திணறின. கல்வித்துறை ஊழியர்கள் தயவுசெய்து எங்கள் சேவைகளைப் பயன்படுத்த வேண்டாம், உங்கள் அமைச்சகம் உங்களுக்கு ஏற்பாடு செய்து தரட்டும் என்று ஃப்ராமாசாஃப்ட் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களை ஒரு சின்னச் சங்கம் எப்படிச் சுமக்கும்? அந்த வசந்த காலத்திலேயே பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களுக்கென்று ஒரு தளத்தைத் திறந்தது. அதில் வைத்த கருவிகளில் எதர்பேடும் ஒன்று. பத்து வருடத்துக்கு முன் வெளியான நிரலிலிருந்து வளர்ந்த கருவி எடுத்து நிறுவத் தயாராக இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் வகுப்பில்

மேல்நிலை மாணவர்கள் சிலருக்குத் தமிழில் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுக்கிறேன். நான்கு பேருக்கு ஒரு பேட். ஒரு பத்தியை நாலு பேரும் சேர்ந்து எழுத வேண்டும். முடிந்ததும் டைம் ஸ்லைடரை ஓட்டி எல்லோரும் பார்ப்போம்.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. ஒரு மாணவி எங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி, தராசுக்காரர் கை ஈரத்தைத் துடைத்துக்கொள்ளும் துணியைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். அரை நிமிடத்தில் அதை அழித்துவிட்டு 'சந்தையில் பல்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன' என்று போட்டுவிட்டாள். கடைசிப் பத்தியில் அந்தத் துணி இல்லை. நோட்டில் எழுதியிருந்தால் நான் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன். "ஏம்மா அதை எடுத்த?" என்று கேட்டேன். "கட்டுரையில அதெல்லாம் எழுதக் கூடாதுன்னு நினைச்சேன் சார்" என்றாள். இத்தனை வருடம் நாங்கள் எதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்பது அந்தப் பதிலில் இருந்தது.

அதே நாளில் இன்னொரு மாணவன் முகம் சிறுத்துப் போனான். "சார், நான் அழிச்சது எல்லாமே தெரியுமா?" அவன் ஏதோ விளையாட்டாக எழுதி அழித்திருந்தான். எல்லோர் முன்னாலும் ஓடிவிட்டது. தவறு என்னுடையது. எல்லாம் பதிவாகும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது முதலில் அதைத்தான் சொல்கிறேன். ஒருவர் எழுதியதை எல்லோருக்கும் ஓட்டிக் காட்டும் முன் அவரைத் தனியாகக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். பேடில் உண்மைப் பெயரும் போட வேண்டாம், ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ போதும். லிங்க் கிடைத்த யாரும் படிக்கலாம் என்பதால் வீட்டு முகவரி, போன் எண் எதுவும் அதில் வரக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு கட்டுரை எழுதித் தரும் இந்த நாட்களில், இந்தப் பதிவை மாணவரைப் பிடிக்கப் பயன்படுத்தலாமே என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மொத்தமாக ஒட்டிய பத்தி ஸ்லைடரில் ஒரே தாவலில் வந்து விழும், உண்மைதான். நான் அதற்கு உடன்படவில்லை. மாணவி ரஃப் நோட்டில் எழுதி அப்புறம் தட்டியிருக்கலாம். போனில் தட்டும் பிள்ளைகளுக்குச் சொல் முழுதாகவே தாவி வரும், ஏனென்றால் பரிந்துரைக்கும் சொல்லைத்தான் அவர்கள் தொடுகிறார்கள். தவிர, போலீஸ் கண்ணோடு பார்க்கிறார் என்று தெரிந்த பிள்ளை தயங்குவதையும் அழிப்பதையும் நடித்துக் காட்டத் தொடங்கிவிடும். ரஃப் நோட்டும் ஃபேர் காப்பியாகிவிட்டால் பிறகு எதைப் பார்ப்பது?

குறைகளும் உண்டு. எட்டுப் பேருக்கு மேல் ஒரே பேடில் எழுதினால் சந்தை இரைச்சல் மாதிரி ஆகிவிடுகிறது. நன்றாக எழுதும் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதும் நடக்கும். ஆனால் நிறத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும், அடுத்த முறை இடம் மாற்றி உட்கார வைக்கலாம். யாராவது முழுவதையும் அழித்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஸ்லைடரில் பின்னால் போய் மீட்டுக்கொள்ளலாம்.

பெரிய இழப்பு ஒன்று எனக்கும் நேர்ந்தது. ஒரு இலவசச் சேவையில் ஒரு பருவம் முழுக்க எழுதிய பேடுகள் இருந்தன. கோடை விடுமுறை முடிந்து வந்து லிங்க்கைத் திறந்தால் வெற்றுத் தாள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று நான் படிக்கவே இல்லை. கட்டுரைகளின் கடைசி வடிவத்தைப் பிள்ளைகள் எடுத்து வைத்திருந்தார்கள். அவை உருவான விதம் போய்விட்டது. அந்தத் தராசுத் துணி வாக்கியமும் அதில் ஒன்று.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதர்பேடில் ஏற்றுமதிப் பட்டனை அழுத்தினால் சாதாரண எழுத்துக் கோப்பு, வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல் இவற்றோடு எதர்பேட் வடிவம் என்றும் ஒன்று இருக்கும். முதல் இரண்டில் கடைசி வடிவம் மட்டும் வரும். மூன்றாவதில் பேடின் வரலாறு முழுதும் வரும். வேறு எந்த எதர்பேட் சர்வரிலும் அதை ஏற்றி, ஸ்லைடரை முதலிலிருந்து ஓட்டலாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பு முடிந்ததும் அந்த மூன்றாவது கோப்பைப் பென் டிரைவில் இறக்கி, தேதி போட்டு வைக்கிறேன். பிள்ளைகளும் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மாணவியிடம் அந்த வாக்கியம் நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். சந்தை நினைவிருந்தது, துணி நினைவிருந்தது, வாக்கியம் வரவில்லை. புதிய பேட் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். இந்த முறை துணியோடு தொடங்கினாள்.